வீட்டுக்குள் வேப்பிங்: 20 வயது மகனுக்கு எப்படி விதி வைப்பது?

கேள்வி: எங்கள் மகனுக்கு 20 வயது. வீட்டில் இருந்தபடியே கல்லூரிக்குப் போய் வருகிறான். அவனுக்கு வேப்பிங் (மின்சிகரெட் பிடிக்கும்) பழக்கம் இருப்பது எட்டு மாதங்களுக்கு முன் எங்களுக்குத் தெரியவந்தது. வீட்டுக்குள் பிடிக்கக் கூடாது என்றோம், சரி என்றான். ஆனால் அவன் அறையிலும் குளியலறையிலும் அந்தப் பழவாசனை வந்துகொண்டே இருக்கிறது. இரண்டு முறை கையும் களவுமாகப் பிடித்தேன். ஒரு முறை அவன் இல்லாதபோது அலமாரியைத் துழாவி, கருவியை எடுத்துக் குப்பையில் போட்டேன்; இரண்டே நாளில் வேறொன்று வாங்கிவிட்டான். "இது வெறும் ஆவிதான், சிகரெட் இல்லை, என் அறையில்தானே பிடிக்கிறேன்" என்கிறான். என் மாமியாருக்கு ஆஸ்துமா உண்டு. மகளுக்கு 12 வயது. "இன்னொரு முறை பிடித்தால் வீட்டைவிட்டுப் போய்விடு" என்று என் கணவர் அவனிடம் சொல்லிவிட்டார். அதற்குப் பயந்து, பிறகு நடந்தவற்றை நான் அவரிடம் சொல்வதில்லை. வளர்ந்த பிள்ளையை எப்படிக் கட்டுப்படுத்துவது? வெளியே போகச் சொல்வதுதான் வழியா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு காரியங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று உங்கள் வீட்டுக் காற்று. மற்றொன்று உங்கள் மகனின் நிகோடின் பழக்கம். வீட்டுக் காற்றைப் பற்றி விதி வைக்கும் உரிமை உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் முழுமையாக உண்டு, அதற்கு அவனுடைய சம்மதம்கூடத் தேவையில்லை. ஆனால் 20 வயதானவன் எதைப் பிடிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதை ஆணையிட்டு முடிவு செய்ய எந்தப் பெற்றோராலும் இயலாது. அதில் உங்களால் உதவ மட்டுமே முடியும். இந்த எட்டு மாதங்களில் "வீட்டுக்குள் பிடிக்காதே" என்று நீங்கள் சொன்ன ஒவ்வொரு முறையும், "இந்தப் பழக்கத்தையே விட்டுவிடு" என்ற கோரிக்கையும் அதற்குள் சேர்ந்தே ஒலித்திருக்கும். அவனும் அந்தக் கோரிக்கையோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். விதி நடுவில் காணாமற்போயிருக்கும். இரண்டையும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு தொனியில் பேசுங்கள் என்பதே என் ஆலோசனையின் சாரம். முதலில் காற்று.

"வெறும் ஆவிதான்" என்ற அவனுடைய வாதத்துக்கு அமைதியாகப் பதில் சொல்ல நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. வேப் கருவியிலிருந்து வருவது நீராவி அல்ல. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோடின், வாசனைப் பொருள்கள் ஆகியவை கலந்த திரவத்தைச் சூடேறிய கம்பிச்சுருள் நுண்துளிப் படலமாக மாற்றுகிறது. ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற எரிச்சலூட்டும் சேர்மங்களும், நிக்கல், குரோமியம் போன்ற உலோகத் துகள்களும் அந்தப் படலத்தில் இருப்பது ஆய்வகங்களில் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. மின்சிகரெட் பயன்பாடு அறைக்காற்றில் நுண்துகள்களையும் நிகோடினையும் அதிகரிக்கிறது என்பதற்கு ஐயத்துக்கிடமில்லாத சான்று இருப்பதாக, அமெரிக்காவின் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் 2018இல் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வு கூறுகிறது. சிகரெட் புகையோடு ஒப்பிட்டால் அருகிலிருப்பவர் சுவாசிக்க நேரும் அளவு குறைவு என்பதையும் அதே மதிப்பாய்வு ஏற்றுக்கொள்கிறது. இந்த இரண்டாவது பகுதியை அவனிடமிருந்து மறைக்காதீர்கள். அவன் அதை ஏற்கெனவே படித்திருப்பான். குறைவு என்பது உண்மை. ஆனால் ஆஸ்துமா உள்ள ஒருவரின் மூச்சுக்குழாய் வாசனைத் திரவியத்துக்கும் ஊதுபத்திக்குமே சுருங்கக்கூடியது என்பதால், உங்கள் மாமியார் இருக்கும் வீட்டில் அந்தக் குறைவு போதாது. ஜன்னலைத் திறந்து வைப்பதும் குளியலறை விசிறியை ஓடவிடுவதும் அளவைக் குறைக்குமே தவிர இல்லாமல் செய்துவிடாது. அறைக் கதவும் காற்றைக் கட்டிப்போடாது.

அவன் ஏன் மீறுகிறான் என்பதை உங்கள் கணவர் "நம்மை மதிக்கவில்லை" என்று புரிந்துகொண்டிருப்பார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் இந்தத் துறையில் குடும்பங்களோடு பணியாற்றி வருபவன் என்ற முறையில், மரியாதைக் குறைவைவிடப் பெரிய காரணம் ஒன்று இங்கே இருப்பதாக நான் நினைக்கிறேன்.

உடலில் சேர்ந்த நிகோடின் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. பழகிய மூளை அந்தக் குறைவைப் படபடப்பாகவும் எரிச்சலாகவும் கவனச் சிதறலாகவும் உணர்கிறது. சிகரெட்டுக்காவது ஒரு முடிவு உண்டு: பற்றவைத்தது எரிந்து தீர்ந்ததும் அடுத்ததை எடுப்பதா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கும். வேப் கருவியில் அந்த இடைவெளியே கிடையாது. படிக்கும்போது ஒரு இழுப்பு, கைபேசியைப் பார்த்தபடி ஒரு இழுப்பு, தூங்கும் முன் ஒன்று என்று நாள் முழுவதும் சிறுசிறு தவணைகளாக நிகோடின் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அண்மைக் காலக் கருவிகளில் நிரப்பப்படும் நிகோடின் உப்புத் திரவங்கள் தொண்டையை உறுத்தாமல் மிகுந்த அளவு நிகோடினைக் கொடுப்பவை. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. வரம்பு இல்லாத சந்தைகளில் 50 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ளவை விற்கப்பட்டிருக்கின்றன. இப்படிப் பழகியவனுக்குக் கட்டிலும் மேசையும் குளியலறையும் வெறும் இடங்களாக இருப்பதில்லை. அங்கே நுழைந்ததுமே கை தானாகக் கருவியைத் தேடும். இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியவனிடம் "பிடிக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த எட்டு மணி நேரத்தை அவன் எப்படிக் கடப்பான் என்பதைப் பேசாமல் விட்டால், விதி முதல் இரவிலேயே உடையும். உடைந்த பிறகு அதை மறைக்கப் பொய் வரும். உங்கள் மனத்தை அதிகம் காயப்படுத்தியிருப்பது அந்தப் பொய்தான் என்று உங்கள் கடிதத்தின் வரிகளுக்கு இடையில் படிக்கிறேன்.

இதைச் சொல்வதால் அவனுக்குப் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. ஏக்கம் எழுவது அவன் கையில் இல்லை; எழுந்து வெளியே நடந்து போவது அவன் கையில் இருக்கிறது. விதி அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அவனிடம் பேசுவதற்கு முன், உங்கள் கணவரிடம் பேசியாக வேண்டும், உங்களுக்கு இதுதான் மிகக் கடினமாக இருக்கும். நீங்கள் மறைப்பது அவனைக் காப்பாற்றத்தான் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டில் இப்போது இரண்டு சட்டங்கள் நடக்கின்றன: அப்பாவின் சட்டம் மிகக் கடுமையானது, ஆனால் நிறைவேறுவதில்லை, அம்மாவின் சட்டம் சொல்லில் மட்டும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தாராளமாகப் புகுந்துபோக வழி இருப்பதை எந்த 20 வயதுப் பிள்ளையும் கண்டுகொள்வான். அவரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள், அதோடு, "வீட்டைவிட்டுப் போ என்று நீங்கள் சொன்னதால்தான் நான் சொல்லாமல் இருந்தேன், அந்தத் தண்டனையை நம் இருவராலுமே நிறைவேற்ற முடியாது" என்பதையும் சொல்லுங்கள். இருவரும் உண்மையிலேயே செய்யக்கூடிய விளைவு எது என்பதில் ஒத்துப்போன பிறகே மகனை அழைத்து உட்கார வையுங்கள். கணவர் பேசிய கடுஞ்சொல்லை அவரே திரும்பப் பெறுவது நல்லது. அப்படிச் செய்வதால் அவருடைய மதிப்பு குறையாது; அடுத்து அவர் சொல்வதை மகன் நம்புவதற்கு அது உதவும்.

விதியைச் சுருக்கமாகவும் காற்றைப் பற்றியதாகவும் வையுங்கள்: கூரைக்குக் கீழே, அறை, குளியலறை, படிக்கட்டு, வண்டி எதிலும் வேப்பிங் கிடையாது, எந்த நேரத்திலும் கிடையாது. அடுத்த வாக்கியம் எங்கே பிடிக்கலாம் என்பதாக இருக்க வேண்டும். மாமியாரின் ஜன்னலுக்கு அருகில் இல்லாத, திறந்த வெளியிலுள்ள ஓர் இடத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். நள்ளிரவானாலும் அவன் அங்கே போய் வரலாம், போகும்போதும் வரும்போதும் யாரும் கேள்வி கேட்கமாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள். நீங்கள் இருக்கும் நாட்டில் இக்கருவிகள் சட்டப்படி தடை செய்யப்பட்டவை என்றால் அத்தகைய இடம் ஒதுக்க முடியாது. அப்போது கருவியே வீட்டுக்குள் வரக் கூடாது என்பது விதியாகட்டும்.

இடம் ஒதுக்குவது பழக்கத்துக்கு அனுமதி கொடுப்பதாகாதா என்று நீங்கள் தயங்குவீர்கள். ஆகாது. "நீ இதை விட வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்; அது மாறவில்லை. விடும்வரை பாட்டியும் தங்கையும் அதைச் சுவாசிக்கக் கூடாது" என்று ஒரே மூச்சில் சொல்ல முடியும். மேலும், ஒவ்வொரு இழுப்புக்கும் எழுந்து, செருப்பு மாட்டி, கதவைத் திறந்து வெளியே போக வேண்டும் என்ற நிலை வந்தால், கட்டிலில் படுத்தபடியே பிடிக்கும் பழக்கம் தானாகவே அறுபடத் தொடங்கும். இரவு நேரத்தைத் தாங்க முடியவில்லை என்றால், நிகோடின் சூயிங்கமோ தோலில் ஒட்டும் பேட்சோ பயன்படுத்தலாமா என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்கலாம். முழுவதுமாக விட முடிவு செய்யாதவர்களும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்க இவற்றைப் பயன்படுத்துவது உண்டு. "வீட்டுக்குள் என்னால் முடியவில்லை" என்பதற்கு இப்படி நேரான பதில் ஒன்று இருப்பது உங்கள் பேச்சுக்கு வலுச் சேர்க்கும்.

மீறினால் என்ன? விளைவு மீறலோடு தொடர்புடையதாக, சிறியதாக, ஒவ்வொரு முறையும் தவறாமல் நடப்பதாக இருக்க வேண்டும். உதாரணமாக, அறைக்குள் பிடித்தது தெரிந்தால் அந்த வார இறுதியில் அறையின் திரைச்சீலை, படுக்கை விரிப்பு, சுவர், விசிறி எல்லாவற்றையும் அவனே துவைத்துத் துடைக்க வேண்டும்; இரண்டாம் முறை என்றால் அந்த மாதக் கைச்செலவுப் பணத்தில் ஒரு பகுதி குறையும். நிகோடினுக்கான செலவை நீங்கள் ஏற்க வேண்டிய கடமை எதுவும் இல்லை. ஆகவே பயணம், உணவு, புத்தகம் ஆகியவற்றுக்கு மட்டும் நேரடியாகச் செலவு செய்வதாக மாற்றிக்கொள்வதும் நியாயமே. பணத்தை ஒரேயடியாக நிறுத்துவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நண்பர்களிடம் கடன் வாங்கத் தொடங்கினால் உங்கள் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சிக்கல் வளரும். கைபேசியைப் பறிப்பது, நண்பர்களைச் சந்திக்கவிடாமல் தடுப்பது போன்றவை பதினாலு வயதுக்கு உரியவை. அவற்றைச் செய்தால் பேச்சு வேப்பிங்கைவிட்டு விலகி, "என்னைக் குழந்தையாக நடத்துகிறீர்கள்" என்ற புகாருக்குப் போய்விடும், அந்தப் புகாரில் நியாயமும் இருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சிகரெட்டைப் போல் இந்த வாசனை நெடுநேரம் தங்குவதில்லை என்பதால், துப்பறிந்து இந்த விதியைக் காப்பாற்ற உங்களால் முடியாது. அவன் உண்மை சொல்வதை நம்பித்தான் இது நிற்கும். எனவே தானாக வந்து "நேற்றிரவு உள்ளேயே பிடித்துவிட்டேன்" என்று சொன்னால் விளைவு இலகுவாகவும், மறைத்தால் கனமாகவும் இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவன் அப்படி வந்து சொல்லும் நாளில் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தே அடுத்த முறை சொல்வானா மாட்டானா என்பது தீர்மானமாகும்.

அலமாரியைத் துழாவியதைப் பற்றி: அந்த அச்சத்தை நான் குறை சொல்லவில்லை, ஆனால் இனி செய்யாதீர்கள். கருவி போனால் இரண்டு நாளில் இன்னொன்று வரும் என்பதை நீங்களே கண்டுவிட்டீர்கள். போன நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் வராது. அதைவிட முக்கியமானது, அந்தக் கருவியைக் குப்பையில் போடக் கூடாது. உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கக்கூடியது. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில்தான் ஒப்படைக்க வேண்டும். நிகோடின் திரவம் தோல் வழியாகவும் உடலுக்குள் போகக்கூடியது, சிறு குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பழ வாசனை வருவதால் தின்பண்டம் போலத் தோன்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். உறவினர் குழந்தைகள் வந்துபோகும் வீடு என்றால், திரவமும் கருவியும் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும் என்பதை மீறவே கூடாத தனி நிபந்தனையாக வையுங்கள். பன்னிரண்டு வயது மகள் இவை எல்லாவற்றையும் ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருப்பாள். அண்ணனைப் பழித்துப் பேசாமல், அவனுக்கு விடக் கடினமான ஒரு பழக்கம் ஏற்பட்டிருக்கிறது, அதற்கு உதவி தேடுகிறோம் என்று அவளிடம் நேராகச் சொல்லிவிடலாம்.

விதி நிலைபெற்று இரண்டு மூன்று வாரங்கள் கழிந்த பிறகு, வேறொரு நாளில், சண்டை இல்லாத பொழுதில், பழக்கத்தைப் பற்றிய பேச்சை எடுங்கள். அறிவுரையோடு தொடங்காதீர்கள், கேள்வியோடு தொடங்குங்கள். "காலையில் எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் தேவைப்படுகிறது? இரவில் அதற்காகவே விழிப்பு வருகிறதா? இதில் உனக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன?" எழுந்த அரை மணிக்குள் தேவைப்படுகிறது என்றால் அடிமைத்தனம் ஆழமாக இருக்கிறது என்று பொருள், வெறும் மனவுறுதியை மட்டும் நம்பச் சொல்வது அவனுக்குச் செய்யும் அநியாயம். முன்பு சிகரெட் பிடித்து, அதை விடுவதற்காக இதற்கு மாறினானா என்றும் கேளுங்கள். அப்படியானால் அவன் எடுத்தது தீங்கைக் குறைக்கும் ஒரு படி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்; அவசரப்படுத்தினால் மீண்டும் சிகரெட்டுக்கே திரும்பக்கூடும். சிகரெட்டையே தொடாதவன் நேராக இதில் இறங்கியிருந்தால் அந்தச் சமாதானம் அவனுக்குப் பொருந்தாது. மனப்பதற்றத்துக்காகப் பிடிக்கிறேன் என்று பலர் சொல்வார்கள். நிகோடின் குறையும்போது வரும் பதற்றத்தை அடுத்த இழுப்பு தணிப்பதால், அது மருந்து போலத் தோன்றுகிறது. சில வாரங்கள் விட்டவர்களுக்குப் பதற்றம் குறைவதே வழக்கம். ஆனாலும் உண்மையான மனச்சோர்வோ பதற்ற நோயோ அடியில் இருக்கலாம் என்பதால், அவன் அதைச் சொன்னால் தட்டிக்கழிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

விட விரும்பினால் வழிகள் இருக்கின்றன என்பதை அவன் அறிய வேண்டும். 18 முதல் 24 வயது வரை உள்ள வேப்பிங் பழக்கமுடையவர்களுக்குக் கைபேசிக் குறுஞ்செய்தி மூலம் ஊக்கமளித்த திட்டம் ஒன்றை அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். 2021இல் வெளியான அந்த ஆய்வில் 7 மாதங்களுக்குப் பிறகு திட்டத்தில் இருந்தவர்களில் 24.1 விழுக்காட்டினரும், ஒப்பீட்டுக் குழுவில் 18.6 விழுக்காட்டினரும் விட்டிருந்தார்கள். 16 முதல் 25 வயது வரை உள்ளவர்களிடம் வாரெனிகிளின் என்ற மாத்திரையை ஆலோசனையோடு சேர்த்துச் சோதித்த ஆய்வு 2025இல் வெளியானது. சிகிச்சையின் கடைசி நான்கு வாரங்களில் முழுமையாக விட்டிருந்தவர்கள் மாத்திரை எடுத்தவர்களில் 51 விழுக்காடு, ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களில் 14 விழுக்காடு. இது மருத்துவர் பரிசோதித்துத் தர வேண்டிய மருந்து. நீங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. விடத் தொடங்கிய முதல் மூன்று நாட்கள்தான் மிகக் கடுமையானவை. எரிச்சலும் தூக்கக் குறைவும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் படிப்படியாகத் தணியும். அந்த நாட்களில் அவன் சிடுசிடுப்பதைத் தனிப்பட்ட அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க, உங்கள் கணவருக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதல் முயற்சியில் தவறினால் அது வழக்கமாக நடப்பதே. அடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், காய்ச்சலோடு கூடிய இருமல் ஏதேனும் வந்தால், வேப்பிங் பழக்கம் இருப்பதை மறைக்காமல் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும் என்பதையும் அவனுக்குத் தெரியப்படுத்துங்கள்.

வெளியே போகச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். தெளிவான விதி, வெளியே ஓர் இடம், நிறைவேறும் விளைவு, இருவருடைய ஒரே குரல் ஆகிய நான்கும் இந்த வீட்டில் இதுவரை ஒருசேர இருந்ததே இல்லை. அவற்றைச் செய்துபார்க்காமல் ஒரு மாணவனை வெளியேற்றுவது, பழக்கத்தைக் குறைக்காமல் உறவை மட்டும் குறைக்கும். நான்கும் சில மாதங்கள் சரியாக நடந்த பிறகும் அவன் வேண்டுமென்றே மீறி, மாமியாருக்கு மூச்சுத்திணறல் வரும் நிலை தொடர்ந்தால், அவன் வேறிடத்தில் தங்கிப் படிப்பதைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை உண்டு. அப்போதும் எங்கே தங்குவான், படிப்புச் செலவை யார் பார்ப்பது, வார இறுதியில் வீட்டுக்கு எப்போது வருவான் என்பவற்றை அவனோடு உட்கார்ந்து எழுதி, இரண்டு மூன்று மாத அவகாசம் கொடுத்துச் செய்யுங்கள். கோபத்தில் ஓர் இரவில் கதவைச் சாத்தும்படி விஷயம் போய்விடாமல் இருக்கத்தான், உங்கள் கணவரிடம் இந்த வாரமே பேசச் சொல்கிறேன்.